பார்த்து வந்த கூலி

ஆயிரத்து நூற்றைம்பது ஜேர்மன் மார்க். இராயப்பு லூசியனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது. ஒரு மார்க் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஐந்து வருடமாக அந்தத் தொகை அவன் தொண்டையில் மீன்முள் மாதிரி ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நின்றது. சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்காத முள்.

கடன்பட்ட கதை சின்னக் கதைதான். எண்பத்து நாலாம் ஆண்டு குளிர் தொடங்கும் நேரம், குருநகர்க்காரன் இராயப்புவும் பேசாலைக்காரன் லூசியனும் கிழக்கு பேர்லின் வழியாக ஜேர்மனிக்குள் வந்து விழுந்தார்கள். இரண்டு பேரும் கடல் தொழிலாளிகள். இரண்டு பேருக்கும் வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வந்த அகதிகளைப் பிரித்து ஊர் ஊராக அனுப்பியபோது இவர்களுக்கு ட்ரியர் என்ற நகரம் விழுந்தது. அகதி முகாமில் மூன்று மாதம் ஒரே அறை, ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு மதிலும் ஒரு புகைபோக்கியும். வெளியே போனால் பொலிஸ் பிடிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, இராயப்பு அந்த நகரத்தில் அவ்வளவைத்தான் பார்த்தான்.

பிறகு, வான் வண்டியில் ஆட்களைக் களவாக எல்லை கடத்துகிற ஒரு வான்காரன் வந்தான். பிரான்சுக்குக் கொண்டுபோய் விட ஆள் ஒன்றுக்கு ஆயிரத்து நூற்றைம்பது என்றான். லூசியனிடம் மனைவியின் சங்கிலி விற்ற காசு ஒருவருக்குப் போதும். இராயப்புவின் கை வெறும் கை. புறப்படுகிற நாள் லூசியனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. எழும்ப முடியவில்லை. காசை இராயப்புவின் கைக்குள் வைத்து, "நீ போ மச்சான். போய் உழைச்சு அனுப்பு. நான் அடுத்த வானிலை வாறன்" என்றான்.

அடுத்த வான் வரவேயில்லை. வான்காரனைப் பிடித்துவிட்டார்கள். லூசியனின் அகதி வழக்கு ஐந்து வருடமாக முடியவில்லை. வழக்கு முடியாதவன் அந்த நகர எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். தாண்டிப் பிடிபட்டால் தண்டம். திரும்பவும் பிடிபட்டால் வழக்குக்கே கேடு.

ஆக, இராயப்பு பட்ட கடன் வெறும் காசு இல்லை. லூசியன் வர வேண்டிய இடத்துக்குத்தான் அவன் வந்திருந்தான். அதுதான் முள்.

பிரான்சில், லா சப்பல் என்ற இடத்தில், மெத்ரோ ரயில் பாலத்துக்கு நேரே ஐந்தாம் மாடியில் அவன் இருந்தான். மெத்ரோ போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி பல் கிட்டுவதுபோல் நடுங்கும். ஒரு அறை, ஆறு பேர், மூன்று கட்டில். முறைவைத்துத்தான் படுக்கை. இராயப்புவின் முறை இரவு ஒரு மணியிலிருந்து விடிய நாலரை வரை. ஐந்தரைக்கு ஒபர்வில்லியேயில் மட்டைப்பெட்டி தூக்குகிற வேலை. பின்னேரம் ஒரு றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிற வேலை. காசு சேரும். முந்நூறு மார்க் அளவு சேர்ந்தால் ஊரிலிருந்து காசு கேட்டுக் கடிதம் வரும். கடிதம் வந்தால் சேர்ந்தது போய்விடும். இப்படியே ஐந்து வருடம்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆவணி மாதம் லூசியனின் கடிதம் வந்தது.

"வக்கீலுக்கு அறுநூறு கட்ட வேணும். உனக்கு அகதிப் பயணப் புத்தகம் கிடைச்சிட்டுது எண்டு கேள்விப்பட்டன். காசைத் தபாலிலை அனுப்பாதை. நீயே கொண்டு வா. மூண்டு மாதம் இருந்தும் இந்த ஊரை நீ பார்க்கேல்லை. ரூரிஸ்ராய், ஊர் சுற்றிப் பார்க்க வாற ஆளாய் வந்து பார்."

இராயப்பு எண்ணிப் பார்த்தான். வழிச்செலவு போகக் கையில் சரியாக அறுநூறு இருந்தது. மிச்சம் ஐநூற்றைம்பதுக்கு முகத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

அறையில் மூத்தவர் தவரத்தினம். பலசரக்குக் கடையில் மூட்டை பிரிக்கிறவர். கடிதத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கோப்பை கழுவுறவர் ரூரிஸ்ராய்ப் போறாராம். கறுத்தக் கண்ணாடி இருக்கோ? கழுத்திலை கொழுவக் கமரா?"

"ரெண்டும் இல்லை அண்ணை."

"அப்ப இந்தா, என்ரை குடையைக் கொண்டு போ. மழைக்கும் பிடிக்கலாம். காசு தந்தவன் அடிச்சா அதுக்கும் பிடிக்கலாம்."

"அவன் அடிக்க மாட்டான் அண்ணை."

"அதுதான் பயம் தம்பி. அடிச்சா முடிஞ்சிடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "திங்கள் விடிய வேலையிலை நிக்க வேணும். உன்ரை முதலாளிக்கு ஆள் பஞ்சமில்லை, ஞாபகம் வைச்சுக்கொள்" என்றார்.

சனிக்கிழமை காலை ரயில். மெட்ஸ் நகரத்தில் மாறி, எல்லையில் பயணப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவனின் விரல்களை மூச்சுவிடாமல் பார்த்திருந்து, மத்தியானம் தாண்ட ட்ரியரில் இறங்கினான். கொஞ்ச நேரம் அவனுக்குத் தான் எங்கே வந்திருக்கிறான் என்று விளங்கவில்லை. மதிலும் புகைபோக்கியுமாக மனதில் கிடந்த ஊர் இல்லை இது. தேன் நிறத்தில் வெயில். சுவரெல்லாம் மெல்லிய இளஞ்சிவப்பு. சைக்கிளில் போகிற பெண்ணின் கூடைக்குள் பூக்கள். யாரோ அவன் தூங்கும்போது ஊரை மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

ரயிலடியில் காத்து நின்ற லூசியன் மெலிந்திருந்தான். முன்மண்டையில் மயிர் கொட்டியிருந்தது. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

இராயப்பு ஒரு கடித உறையை நீட்டினான். "மச்சான், இதிலை அறுநூறு கிடக்கு. மிச்சம்…"

லூசியன் கடித உறையை எண்ணாமல் சட்டைப்பைக்குள் வைத்தான். "மிச்சத்தைப் பிறகு கதைப்பம். முதல்ல ஊரைப் பார். நட."

நடந்தார்கள். ஐந்து வருடம் வேலை செய்ய விடாமல், வெளியே போகவும் விடாமல் ஒரு நகரத்துக்குள் அடைத்து வைத்தால் மனுஷன் என்ன செய்வான்? லூசியன் அந்த நகரத்தைப் படித்திருந்தான். சுற்றுலாக் கூட்டங்களுக்குப் பின்னால் நடந்து நடந்து, வழிகாட்டிகள் சொல்வதைக் காதில் வாங்கிப் பாடமாக்கியிருந்தான்.

"இது கறுப்பு வாசல். ரோமர் கட்டினது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலை சாந்து இல்லை, இரும்பாலை கொழுவினது. பிறகு வந்தவன் இரும்பைக் களவெடுத்துப்போட்டான். அந்தா ஓட்டை தெரியுது பார்."

"இரும்பில்லாமல் எப்பிடி நிக்குது?"

"பழகிப்போச்சு. என்னை மாதிரி."

பெரிய கோயிலுக்குள் போனபோது இருவரும் முழங்காலிட்டார்கள். "ஆண்டவர் உடுத்த அங்கி இஞ்சைதான் இருக்கெண்டு சொல்லுகினம்" என்று லூசியன் காதோடு சொன்னான். "பூட்டித்தான் வைச்சிருக்கினம். அதுக்கும் வெளியிலை போக அனுமதி இல்லை." இராயப்புவுக்குச் சிரிப்பு வந்தது. கோயிலுக்குள் சிரித்ததற்காக இன்னொரு அருள்நிறை மந்திரம் சொன்னான்.

கண்ணாடி ஜன்னல்களின் நிறங்கள் தரையில் கிடந்தன. அவற்றின்மேல் மிதித்து நடக்க அவனுக்கு மனமில்லை. சந்தைச் சதுக்கத்தில் மணி அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் புறாக்கள் எழும்பி, காற்றில் ஒரு வட்டம் எழுதி, பழைய இடத்திலேயே வந்து குந்தின. ஐந்து வருடத்தில் இவ்வளவு மெதுவாகப் போன பகலை அவன் கண்டதில்லை. ஆனால் இந்த இனிமைக்கு அடியில் ஐநூற்றைம்பது கிடந்தது. லூசியன் வாயைத் திறக்கும்போதெல்லாம், இப்போது கேட்கப் போகிறான், இப்போது கேட்கப் போகிறான் என்று இராயப்பு நடையைத் தளர்த்தினான். லூசியனோ கல்லைப் பற்றியும் மன்னர்களைப் பற்றியுமே பேசிக்கொண்டு போனான்.

பின்னேரம் ஆற்றைக் கடந்து குன்றில் ஏறினார்கள். உச்சியில் உயரமான தூண், தூணின்மேல் மாதா. கீழே முழு நகரமும் ஒரு தட்டில் எடுத்து வைத்ததுபோலக் கிடந்தது. நடுவே மோசல் ஆறு, அவசரமில்லாத ஆறு. சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், சீப்பால் வாரி விட்டதுபோல வரி வரியாய். தூரத்தில் ஆறு ஒரு மலையைச் சுற்றி வளைந்து, வெளிச்சத்துக்குள் மறைந்தது.

"மிச்சம் ஐநூற்றைம்பது" என்றான் லூசியன்.

இராயப்பு குடையைக் கையில் இறுக்கினான். "ஓம் மச்சான். தை பிறக்கிறதுக்கு முதல்…"

"நான் இப்ப அதைக் கேக்கேல்லை. அந்தா, ஆறு திரும்புது பார். நான் இஞ்சை வந்து ஒவ்வொரு நாளும் இருப்பன். அந்த வளைவுக்கு அங்காலை எல்லை முடியுது, என்னாலை போகேலாது. நாளைக்கு நீ படகிலை போ. அங்காலை என்ன இருக்கெண்டு பார்த்து வந்து எனக்குச் சொல்லு. பிறகு காசைப் பற்றிக் கதைப்பம்."

"போஸ்ட்காட்டிலை போட்டிருப்பாங்களே?"

"போஸ்ட்காட் கோட்டையைக் காட்டும். அங்கை ஆர் உடுப்புக் காயப்போடுகினம் எண்டு காட்டாது."

ஞாயிறு பூசை முடிய, லூசியன் அவனைத் துறையில் விட்டான். பன்னிரண்டு மார்க் ரிக்கெற். இராயப்பு மேல்தட்டில் கரையோரமாய் நல்ல இடம் பிடித்து உட்கார்ந்தான். படகு நகர்ந்தது. கரையில் லூசியன் கையை அசைத்து அசைத்துச் சின்னதாகிக்கொண்டு போனான்.

இன்ஜின் சத்தம் காலுக்குள்ளால் ஏறியது. காலை வெயில் முதுகில் சாய்ந்தது. தண்ணீர் படகின் விலாவில் தட்டித் தட்டி ஏதோ சொன்னது. அவனை எழுப்ப அங்கே ஒருவரும் இல்லை. கட்டிலுக்கு முறை காத்து நிற்க ஆளில்லை. ஜன்னலை நடுங்க வைக்க மெத்ரோ இல்லை. வளைவு வந்துவிட்டதா என்று பார்க்கத் தலையைத் தூக்கினான்.

ஆறு முழுக்க வெள்ளைக் கோப்பைகள். வரிசை வரிசையாக மிதந்து வந்தன. கழுவ வேண்டும் என்று கையை நீட்டினான். அவை ஏற்கெனவே கழுவியிருந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம் இருந்தது. மாதா தூணிலிருந்து இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோப்பைகளுக்கு நடுவில் நடந்து வந்து, "படு மகனே, இது உன்ரை முறை" என்றார்.

தடாரென்று கயிறு விழுந்த சத்தத்தில் கண் விழித்தான். எதிரே துறை. துறையில் லூசியன். முதலில், படகு இன்னும் புறப்படவில்லை என்றுதான் நினைத்தான். பிறகு சூரியனைப் பார்த்தான். அது தலைக்கு மேலால் போய் மற்றப் பக்கம் சாய்ந்திருந்தது.

போகும்போதும் தூக்கம். வரும்போதும் தூக்கம்.

லூசியன் துறையோர வாங்குப் பலகையில் இடம் பிடித்து வைத்திருந்தான். மடியில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. விரித்தான். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து பென்சிலால் ஆறு கீறியிருந்தது. ஒவ்வொரு பாலம், ஒவ்வொரு கோபுரம், மரங்கள்கூட. வளைவு வரைதான். அதற்கு அங்கால் வெறும் வெள்ளைத் தாள்.

"சொல்லு" என்றான். பென்சிலை எடுத்தான். "வளைவு திரும்பினவுடனை முதல் என்ன?"

"திராட்சைத் தோட்டம்" என்றான் இராயப்பு. அது எங்கும்தானே இருக்கிறது.

லூசியன் சின்னச் சின்னக் கோடுகள் போட்டான். "பிறகு?"

"கோட்டை ஒண்டு."

"எந்தப் பக்கம்?"

"இடப் பக்கம்."

"கோபுரத்திலை கொடி இருந்ததோ?"

"இருந்தது."

"என்ன நிறம்?"

"பச்சை."

லூசியன் பென்சிலை நாக்கில் நனைத்து, இடப் பக்கம் கோபுரம் கீறி, அதன் பக்கத்தில் உருண்டையான அழகான எழுத்தில் பச்சை என்று எழுதினான். எழுதிவிட்டு, உண்மையாகவே அந்தக் கொடியைக் கண்டவன்போலச் சிரித்தான்.

இராயப்புவால் பொறுக்க முடியவில்லை. பொய்க் கொடியைக் காட்டி ஐநூற்றைம்பதைத் தீர்க்கலாம். ஆனால் இந்த மனுஷன் தினமும் குன்றில் ஏறி, இல்லாத ஒரு கோட்டையை நினைத்துக்கொண்டு இருப்பானே. முள் தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு இறங்கும், அவ்வளவுதான்.

"நிப்பாட்டு மச்சான். எழுதாதை. கோட்டை இல்லை. கொடியும் இல்லை. நான் நித்திரையாப் போனன்."

லூசியனின் பென்சில் தாளிலேயே நின்றது. "போகேக்கையோ? வரேக்கையோ?"

"ரெண்டிலையும்."

லூசியன் துறையைத் தாண்டிப் போன ஒரு அன்னத்தைப் பார்த்தான். பிறகு, "பன்ரண்டு மார்க் குடுத்து நித்திரை கொள்ளுற ரூரிஸ்ரை நான் இஞ்சை கண்டதில்லை. அறையிலை படுத்திருந்தா சும்மா நித்திரை கொண்டிருக்கலாம்" என்றான். பகிடிதான். ஆனால் கொப்பியை மெதுவாகத்தான் மூடினான். அதை இராயப்பு கண்டான்.

"அடுத்த படகு எத்தினை மணிக்கு?"

"உனக்கு நாலு மணிக்கு ரயில்."

"நான் ரயிலைக் கேக்கேல்லை."

"ரெண்டரைக்கு. திரும்பி வர ஆறரையாகும். உன்ரை ரயில் போயிடும் மச்சான். நாளைக்கு விடிய வேலை எண்டு சொன்னாய். வேலையும் போயிடும்."

"போறது போகட்டும். நீ எனக்காக நிண்டனி, ஐஞ்சு வருஷம். நான் ஒரு நாள் நிக்கப்படாதோ?"

இந்தத் தடவை அவன் உட்காரவில்லை. வாங்கு காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படகின் மூக்கில் நின்றான். கண் செருகும்போது தவரத்தினத்தின் குடைக்காம்பால் பாதத்தில் குத்திக்கொண்டான். பக்கத்தில் இருந்த ஜேர்மன் கிழவி தன் இடத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். மலை மெல்ல விலகியது. வளைவு திறந்தது.

ஆறரைக்கு அதே வாங்கு. வெயில் தண்ணீரில் நீளமாகப் படுத்துக் கிடந்தது.

"ரப்பர் இருக்கோ? முதல்ல அந்தக் கோட்டையை அழி" என்றான் இராயப்பு. லூசியன் அழித்தான்.

"வலப்பக்கம் ஒரு புல்வெளி. வெள்ளைக் கூண்டு வண்டியள் நிக்குது, விடுமுறைக்கு வந்த சனம். கயிறு கட்டி உடுப்புக் காயுது. ஒரு பெரிய சிவப்புத் துவாய், நாலைஞ்சு சின்னக் காற்சட்டை."

"எத்தினை? நாலோ, ஐஞ்சோ?"

"ஐஞ்சு. பிறகு ஒருத்தன் வள்ளத்தைக் கவிழ்த்து வைச்சு நீலப் பெயின்ற் அடிக்கிறான். பழைய பெயின்ரைச் சுரண்டாமல் மேலாலை அடிக்கிறான், விசரன். ஒரு மாரிக்குத் தாங்காது."

"கத்திச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னனான். தமிழிலை. அவன் கையைக் காட்டினான்."

லூசியன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுதினான். இராயப்பு சொல்லிக்கொண்டு போனான். ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு கரையோரம் நடந்த இரண்டு கன்னியாஸ்திரிகள். வலை இல்லாத கோல்கம்பம். ஆற்றுக்குள் விழுந்த பந்தை நீந்திப்போய் எடுத்து வந்து, ஆனால் கொடுக்காமல் ஓடிய நாய். சரிவில் திராட்சைக்கு நடுவே குடை விரித்து வைத்துவிட்டு அதன் நிழலில் படுத்திருந்த ஒரு மனுஷன்.

"அவனும் நித்திரையோ?"

"அவனும்தான்."

கடைசியில் லூசியன் பென்சிலை வைத்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டான். "எல்லை எங்கை வருது? அதிலை என்ன இருக்கு?"

இராயப்பு ஆற்றின் பக்கம் கையைக் காட்டினான். "வடிவாப் பார்த்தனான் மச்சான். ஒண்டுமில்லை. கோடில்லை, கயிறில்லை. தண்ணி ஒரே தண்ணி. அங்கத்தைத் தாரா வாத்துக் கூட்டம் இஞ்சாலை வருது, இஞ்சத்தையது அங்காலை போகுது."

லூசியன் தாளில் அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு தாரா மட்டும் கீறினான்.

திங்கள் காலை ரயிலடியில், வழிக்குச் சாப்பாடு என்று ஒரு பார்சலை லூசியன் அவன் கையில் வைத்தான். மிச்சக் காசைப் பற்றி லூசியன் கேட்கவில்லை. ரயில் நகரும்போது, "தைக்கு முதல் அனுப்புறன்!" என்று இராயப்புதான் கத்தினான். லூசியனுக்குக் கேட்டதோ தெரியாது, கையைக் காட்டினான்.

லா சப்பலில் ஐந்து மாடியும் ஏறி வந்தபோது தவரத்தினம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாரும் ரூரிஸ்ர். உன்ரை முதலாளி விடியவே ஆளை மாத்திப்போட்டான். இனிப் பின்னேரக் கோப்பையள்தான் உனக்குக் கதி. அங்கையாவது கடன் தீர்ந்துதோ?"

"அறுநூறு குடுத்திட்டன் அண்ணை. மிச்சத்தைப் பற்றி அவன் வாய் திறக்கேல்லை."

"நான் சொன்னனான், அதுதான் பயம் எண்டு."

ரயிலில் மறுபடியும் தூங்கிவிட்டதால் பார்சல் பிரிக்கப்படாமலே இருந்தது. தவரத்தினம் பிரித்தார். மீன் கட்லட்டும் பாண் ரொட்டியும். அடியில், எண்ணெய் படாமல் நாலாய் மடித்த ஒரு கொப்பித் தாள். வெங்காயக் கண்ணீரோடு அவர் உரத்து வாசித்தார்.

"இராயப்பு தர வேண்டியது 1150. கையில் தந்தது 600. வளைவுக்கு அங்காலை போய்ப் பார்த்து வந்த கூலி 550. முதல் பயணத்தில் நித்திரை கொண்டபடியால் அதற்குக் கூலி இல்லை. கணக்குச் சரி. லூசியன்."

பாலத்தில் மெத்ரோ போனது. கண்ணாடி நடுங்கி ஓய்ந்தது. இராயப்பு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எச்சிலை விழுங்கிப் பார்த்தான். எங்கும் ஒன்றும் குத்தவில்லை.

"பார்த்தியே" என்றார் தவரத்தினம், தாளை அவனிடம் நீட்டி. "நித்திரைக்குச் சம்பளம் வெட்டிப்போட்டான். அவன்தான் சரியான முதலாளி."